‘ஐ ஆம் ஃபைன்’ என்றவரைக் கடந்து போனோம்

1999 செப்டம்பர். கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பிவிடும் என்ற Y2K காய்ச்சல் உச்சத்தில் இருந்த நேரம். சனி, ஞாயிறு என்று பார்க்காமல் உழைத்ததில் நான்கு நாள் லீவு சேர்ந்து கிடைத்தது. நானும் என் ரூம்மேட்டும் யோசெமிட்டி மலைக்கு நடைப்பயணம் கிளம்பினோம். நான் திருநெல்வேலிக்காரி, அவள் மெட்ராஸ். இருவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள் என்று ‘பிக்னிக்’ என்று மட்டும் சொல்லிவைத்தோம்.

விளையாட்டாக ஒன்றும் கிளம்பிவிடவில்லை. மூன்று மாதம் பயிற்சி எடுத்திருந்தோம். இந்தியன் ஸ்டோரில் வாங்கிய இருபது பவுண்டு அரிசி மூட்டையை அப்படியே முதுகுப்பையில் போட்டுக்கொண்டு, வாராவாரம் பக்கத்துக் குன்றுகளில் ஏறி இறங்குவோம். கூடாரம், ஸ்டவ், ஸ்லீப்பிங் பேக், கரடி திறக்க முடியாத உணவு டப்பா எல்லாம் எங்கள் முதுகில்தான். வறுத்த ரவை, புளிக்காய்ச்சல், ரசப்பொடி, பருப்புப்பொடி என்று சாப்பாட்டுக்கும் குறைவில்லை. முதல் நாள் பத்து மைல் நடந்து முடித்தபோது, இந்த மலை எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

இரண்டாம் நாள் மதியம், பத்தாயிரம் அடி உயரத்தில், திடீரென்று ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு மரங்களுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரத்தில் மழை விட்டதும் ஏறத் தொடங்கினோம். இருட்டுவதற்குள் மேலே இருந்த கணவாயைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கிவிட வேண்டும்.

கொஞ்ச தூரத்தில், பாதையோரப் பாறையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர், ஐம்பது வயதிருக்கும். தொப்பலாக நனைந்த சட்டையும் ஜீன்ஸும் உடம்போடு ஒட்டிக்கிடந்தன. தன் பையின் ஜிப்பை மூடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆர் யூ ஓகே?” என்றேன்.

“ஐ ஆம் ஃபைன். ஜஸ்ட் ரெஸ்டிங்” என்றார், நிதானமாக.

தயங்கி நின்றேன். “தனியா இருக்குற ஆம்பள. அவரே ஃபைன்னு சொல்றார், வாடி” என்று ரூம்மேட் தமிழில் சொன்னாள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நடந்துவிட்டோம்.

பத்து நிமிடம் ஏறியிருப்போம். ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு, அத்தனையும் போட்டிருந்தும் எனக்குப் பல் கிட்டியது. நனைந்த சட்டையோடு இருக்கிற அந்த மனிதர் ஏன் நடுங்கவே இல்லை? அந்த ஜிப் ஏன் அவர் விரலுக்குள் நிற்கவே இல்லை? வனத்துறை ரேஞ்சர் ஆபீஸில் மலையேறும் பர்மிட்டோடு கொடுத்த காகிதத்தை முந்தின நாள் சாயங்காலம் சத்தமாகப் படித்திருந்தேன். உடம்புச் சூடு ரொம்ப இறங்கிவிட்டால் நடுக்கம் நின்றுவிடும், விரல் மரத்துப்போகும், ஆனால் அந்த ஆள் தனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார் என்று அதில் போட்டிருந்தது.

“திரும்பணும்” என்றேன்.

“இப்பத் திரும்பினா இன்னிக்கு கணவாயைத் தாண்ட முடியாது. செவ்வாய்க்கிழமை ஆபீஸ்.”

“அவரு நடுங்கவே இல்லடி.”

அவள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் அவள்தான் இறங்கினாள்.

அவர் பாறையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தோளைத் தட்டி எழுப்பினேன். “பஸ் வந்துடுச்சா?” என்று கேட்டார். சுற்றுவட்டாரத்தில் பஸ் வரும் சாலையே கிடையாது.

ஈரத்துணியைக் கழற்றியாக வேண்டும். நான் அவர் காலரைப் பிடித்தபடி கூச்சத்தில் நின்றுகொண்டிருந்தேன். “தள்ளு” என்று என்னை ஒதுக்கிவிட்டு ரூம்மேட் சட்டைப் பட்டன்களைக் கழற்றினாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கூச்சம் போய்விட்டது. துவட்டி, என் கம்பளித் தொப்பியை மாட்டி, தரையில் பாய் விரித்து, அவளுடைய ஸ்லீப்பிங் பேக்குக்குள் அவரைத் திணித்து, மேலே கூடாரத்தை அடித்தோம். ஸ்டவ்வைப் பற்றவைத்து வெந்நீர் போட்டு, பாட்டில்களில் நிரப்பி, சாக்ஸுக்குள் போட்டு அவர் அக்குள்களில் வைத்தோம். தூங்கவிடக் கூடாது என்று மாற்றி மாற்றிப் பேச்சுக் கொடுத்தோம். யாராவது உதவிக்கு வரட்டும் என்று ரூம்மேட் நடுநடுவே வெளியே போய் விசில் ஊதிவிட்டு வந்தாள்.

அரை மணி நேரம் கழித்து அவர் தாடை ஆட ஆரம்பித்தது. பிறகு உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கியது. ஒரு மனிதர் நடுங்குவதைப் பார்த்து நாங்கள் இருவரும் சிரித்தது அன்றைக்குத்தான். நன்றாக விழுங்க முடிந்ததும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். அப்புறம் சுடச்சுட ரசம். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, “இது என்ன சூப்?” என்றார்.

விசில் சத்தம் கேட்டு, கணவாய்ப் பக்கத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு கீழே இரண்டு மைலில் இருந்த முகாமிலிருந்து ரேஞ்சரை அழைத்துவர ஓடினார். மனைவி எங்களோடு இருந்துகொண்டார்.

காத்திருந்த நேரத்தில் அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். பள்ளிக்கூட வாத்தியார். பாரம் குறையட்டும் என்று மழைக்கோட்டைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். சட்டென்று என்னைப் பார்த்து, “நீங்க முன்னாடியே ஒரு தடவை என்னைக் கேட்டீங்க இல்ல?” என்றார்.

“ஆமா. கேட்டுட்டுப் போயிட்டோம். மன்னிச்சுக்கோங்க.”

“நான் ஃபைன்னுதானே சொன்னேன். யார் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு ரேஞ்சர்கள் குதிரைகளோடு வந்துவிட்டார்கள். அவருடைய நாடித்துடிப்பு, பேச்சு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “இவருக்கு ஆபத்துன்னு யார் கண்டுபிடிச்சாங்க?” என்று கேட்டார் ஒருவர். ரூம்மேட் என்னைக் கைகாட்டினாள். ரேஞ்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாங்கள் முதலில் கடந்து போனதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாத்தியாரைக் கம்பளியில் சுற்றி, குதிரையில் ஏற்றிக் கீழே கூட்டிப்போனார்கள்.

மறுநாள் காலை கணவாயில் ஏறினோம். ஒரு நாள் தாமதமாக மலையை விட்டு இறங்கி, முதலில் கண்ணில் பட்ட பே ஃபோனிலிருந்து மேனேஜரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மலைகள் ஏறிவிட்டேன். இன்றைக்கும் யாராவது ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்றால், அதோடு விட்டுவிடாமல் அவர் முகத்தையும் கையையும் ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன். சந்தேகம் வந்தால் இரண்டாவது தடவையும் கேட்கிறேன். அன்று திரும்பி இறங்கிய பத்து நிமிடத்தை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு முன் அவரைக் கடந்து ஏறிப்போன பத்து நிமிடமும் என்னுடையதுதான் என்பதை நான் மறப்பதில்லை.