ஸ்கேன் சீட்டை நானே வாசித்தேன்

இன்று தேனியில் என் மனைவிக்கு மறுபடி ஸ்கேன்.

வயிற்றில் ஆபரேஷன் ஆகி ஐந்து நாள். இன்னும் காற்றுகூடப் பிரியவில்லை. வயிற்றின் மேல் கருவியை உருட்டியே குடல் நகர்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள்.

"டாக்டர் சொன்னத எழுதிக் குடும்மா, முதியோர் வகுப்புக்குப் போயி இப்ப எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும்" என்று நர்ஸிடம் பெருமையாகச் சொன்னேன்.

சீட்டில் எழுதித் தந்தாள். எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். "குடல் அசைவம் இல்லை."

"வாயில தண்ணியே படல. இவளுக்குப் போயி யாரு தாயி குடல்கறி குடுப்பா?" என்று கேட்டேன்.

"அய்யோ தாத்தா! அசைவம் இல்ல, அசைவு. குடல் அசையலன்னு டாக்டர் சொன்னாக."

இருவரும் சிரித்தோம். முதலில் நிறுத்தியது நான்தான்.

"அசையலன்னா?"

"நாளைக்கும் இப்படியே இருந்தா, திரும்ப வயித்தத் திறக்கணும்னாக."

கட்டிலருகே போனேன். "என்ன எழுதியிருக்கு? படிங்க" என்றாள் மனைவி.

அவள் என்னைப் படிக்கச் சொன்னது இதுதான் முதல் முறை.

விரலை ஓட்டி, "குடல் நல்லா அசையுது" என்று வாசித்தேன்.

"நெசமாவா!" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் சொல்லச் சொல்லப் பேரன் இதைப் போனில் எழுதிப் போடுகிறான். படிக்கும் உங்களில் யாருக்காவது ஆபரேஷன் ஆகி ஐந்து நாள் கழித்துக் குடல் அசைந்திருக்கிறதா? எழுதுங்கள். அவளுக்கு வாசித்துக் காட்ட உண்மையாக ஏதாவது வேண்டும்.