உங்கள் அத்தை வைத்த பத்திரிகை

பிள்ளைகளே, உங்கள் மாமா, என் தங்கச்சி புருஷன், காணாமல் போனபோது உங்களில் பெரியவனுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது. சின்னவள் பிறக்கவே இல்லை. அதனால் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சொந்தக்காரர்கள் பேசும்போது அரையும் குறையுமாகக் காதில் விழுந்ததுதான். ஓடிப்போய்விட்டார் என்பார் ஒருத்தர். குட்டையில் விழுந்து செத்தார் என்பார் இன்னொருத்தர். வடக்கே எங்கேயோ சாமியாராக இருக்கிறார் என்றுகூட ஒரு கதை உண்டு. மூன்றையும் நான் நம்பவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் இதில் எழுதுகிறேன். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன், எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு மனை காட்டும் வேலை. ராஜகீழ்ப்பாக்கத்தில் ரோட்டோரம் ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸ் இருந்தது. அதன் முதலாளி நிலத்தை மொத்தமாக வாங்கி, மனையாகப் பிரித்து, கல் நட்டு விற்பவர். வாங்க வருகிறவர்களை மாமா தன் மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து வண்டலூர் தாண்டிக் கூட்டிப்போவார். முள்ளுக்காட்டுக்கு நடுவில் நாலு கல்லைக் காட்டி, "இது ஹாலு சார், இந்தாண்ட பெட்ரூமு, காத்து சும்மா பிச்சிக்கினு வரும்" என்பார். நான்கூட ஒருமுறை போயிருக்கிறேன். வந்தவர் கேட்டார்: "ஸ்டேஷன் எவ்வளவு தூரம்பா?"

"பஸ்ஸுல பத்து நிமிஷம் சார்."

"பஸ் அடிக்கடி உண்டா?"

"பஸ்ஸே இன்னும் விடல சார். விட்டா பத்து நிமிஷம்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமாவின் வழி அதுதான். சிரிக்கவைத்துக்கொண்டே உள்ளதைச் சொல்லிவிடுவார். அதனால்தான் அவர் பேச்சை நம்பி வாங்கினார்கள்.

அப்படி நம்பி வாங்கியவர்களில் அஸ்தினாபுரத்தில் குடியிருந்த ஒரு வாத்தியாரும் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததை எல்லாம் அந்த மனையில் போட்டார். அதே மனையை முதலாளி அதற்கு முன்பே இன்னொருவருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஆள் ஒருநாள் கம்பி வேலி போட வந்து, "யோவ், என் எடத்துல உனக்கு இன்னாய்யா வேலை?" என்று மாமாவின் சட்டையைப் பிடித்தபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது.

அன்று சாயங்காலம் என் மோட்டார் வைண்டிங் கடைக்கு வந்தார். எப்போதும் வந்ததும் ஏதாவது கிண்டல் பண்ணுகிறவர், அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"வாத்தியாராண்ட சொல்லிடலாம்னு இருக்கேன் மச்சான்."

"சொன்னா வேலை போயிடும் மாப்ளே."

"போவட்டும். பத்திரத்துல கையெழுத்து மொதலாளிது. ஆனா மூஞ்சி என்னுது. நாளைக்கு அந்த மனுஷன் வூடு கட்ட வரசொல்லோ யாரைத் தேடுவாரு? என்னைத்தான்."

"மொதலாளிகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். 'நீ கல்லைக் காட்டறவன், கல்லோட நில்லு'ன்னாரு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அப்போதே பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து வாத்தியாருக்கு போன் போட்டு, நேரில் வந்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும், புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவைத்தார். அவர் காணாமல் போனது அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, முதலாளி வண்டலூர் பக்கம் ஒரு பார்ட்டிக்கு இடம் காட்டக் கூப்பிட்டிருக்கிறார், மதியம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் நான் ஆபீசுக்குப் போனேன். முதலாளி உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். "நான் வரச்சொல்லவே இல்லையேப்பா. ரெண்டு நாளா ஆபீஸ் பக்கமே வரலையே, உடம்பு சரியில்லன்னு நெனச்சேன்" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு அத்தையும் நானும் போனோம். எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். "வீட்ல ஏதாச்சும் சண்டையாம்மா? வெளியில வேற வீடு கீடு எதுனா உண்டா?" என்றார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தான்.

அத்தை சொன்னாள்: "எனக்குத் தெரிஞ்சு ஒரே வூடுதான் சார். அதுக்கே வாடகை குடுக்க முடியாம தள்ளாடிக்கினு இருக்கோம்."

அதன் பிறகுதான் புகாரை எழுதி வாங்கினார்கள். முதலாளியின் பெயரையும் சொன்னோம். வாத்தியார் தானாகவே வந்து, போன் வந்த விஷயத்தைச் சொன்னார். விசாரிப்பதாகச் சொன்னார்கள். ஒருநாள் முதலாளியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

மொபெட்டைக் கண்டுபிடித்தது நான்தான். வண்டலூர் ரயில் நிலையத்து வண்டி ஸ்டாண்டில் நின்றது. ஸ்டாண்டுக்காரரிடம் மாமாவின் போட்டோவைக் காட்டினேன்.

"இவரை எனக்கு நல்லாத் தெரியும்பா. பார்ட்டி கூட்டிக்கினு வர்றப்போ எல்லாம் டீ வாங்கிக் குடுப்பாரு. ஆனா வண்டியை விட்டது இவரு இல்ல. ரெண்டு பேரு தள்ளிக்கினு வந்தானுங்க. வண்டிக்காரரு எங்கடான்னு கேட்டேன், ரயிலுக்குப் பூட்டாருன்னானுங்க."

அடுத்த நாளே அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனேன். அங்கே எஸ்.ஐ. முன்னால் நின்று, "எவ்ளோ வண்டி வருது சார், யாரைன்னு ஞாபகம் வெச்சிக்கறது" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் புள்ளைங்க கீதுங்கண்ணா. மன்னிச்சுக்கோ." ஒரே ராத்திரியில் அவரிடம் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மழைக்காலம் முடிந்த சமயம், ஸ்டேஷனிலிருந்து ஏட்டு என் கடைக்கு வந்தார். வயதானவர், எங்களிடம் மரியாதையாக நடந்துகொண்ட ஒரே போலீஸ்காரர் அவர்தான். பழைய கல்குவாரிக் குட்டையில் ஒரு ஆண் உடல் மிதந்ததாகவும், பல நாள் ஆன உடல் என்றும், உயரம் ஒத்துப்போகிறது என்றும் சொன்னார். "தங்கச்சியைக் கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்கு வந்துடுப்பா."

மாமாவின் அண்ணனும் வந்தார். பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். ஏட்டு எங்களைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"முகத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. உடம்புல காயம் இல்ல, தண்ணில மூழ்கித்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ அவருதான்னு சொன்னா, தவறி விழுந்துட்டாருன்னு முடிச்சுடலாம். சர்டிபிகேட் கெடைக்கும். காரியம் பண்ணலாம். உன் பொண்ணுக்கும் ஒரு வழி பொறக்கும். இல்லன்னா இது இழுத்துக்கினே கெடக்கும்மா."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை ஏதாவது செய்ய முடியாதா என்று நான் கேட்டேன். "அதெல்லாம் பெரிய எடத்துக் கேஸுக்குப்பா" என்றார்.

உள்ளே போனோம். அதை நான் எழுதப்போவதில்லை. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்தவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். பார்த்தாள். குனிந்து இடுப்பைப் பார்த்தாள். உடம்பில் மிச்சம் இருந்தது அரைஞாண் கயிறு ஒன்றுதான். சிவப்புக் கயிறு.

வெளியே வந்ததும், "இவரு இல்ல" என்றாள். "அவருக்கு நான் கட்டினது கறுப்புக் கயிறு."

மாமாவின் அண்ணன் பதறினார். "கயிறு இன்னாம்மா கயிறு! அறுந்திருக்கும், கடையில எதையாவது வாங்கிக் கட்டியிருப்பான்."

"புதுசைக் கட்டினப்பறம்தான் பழசை அறுப்போம். இடுப்பு வெறுமையா இருக்கக் கூடாதுன்னு உங்க அம்மாதான் எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான்தான் கட்டறேன். அவருக்கு முடிச்சுப் போடக்கூடத் தெரியாது."

"சரி, இருக்கட்டும். அவன் இல்லன்னே வெச்சுக்கோ. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா உனக்கு இன்னா கொறஞ்சு போவுது? தெவசம் குடுக்க ஒரு நாளாவது கெடைக்கும்ல?"

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தவறி விழுந்துட்டாருன்னு எழுதுவாங்க. அப்ப அவரை யாருமே ஒண்ணும் பண்ணலன்னு ஆயிடும். உள்ள படுத்திருக்காரே, அவரைத் தேடிக்கினு எவளோ ஒருத்தி எங்கியோ அலைவா. நான் ஆமான்னுட்டா அவ எங்க போயிப் பார்ப்பா?"

எனக்கும் அன்றைக்கு அவள் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால் தேவலை என்றுதான் இருந்தது. அந்த வாசலில் இன்னொரு தடவை போய் நிற்கிற தெம்பு எனக்கு இல்லை. ஆனால் நின்றோம். அதன் பிறகும் வேறு உடல் கிடைத்தபோதெல்லாம் ஸ்டேஷனிலிருந்து ஆள் அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் போய்ப் பார்த்து, இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மாமாவின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அத்தை ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தைக்கப் போனாள். பொட்டு வைத்தாள், பூ வைத்தாள். அதையும் பேசினார்கள். வளைகாப்புக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்று தெருவிலுள்ள பெண்களுக்கே குழப்பம். கூப்பிட்டவர்களும் அவள் வளையல் அடுக்கத் தட்டின் பக்கம் வந்தால் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினார்கள். விசேஷங்களுக்குப் போவதை அவள் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டாள். சில வருஷம் கழித்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதிக் கேஸை மூடிவிட்டதாக ஸ்டேஷனில் சொன்னார்கள். "மூடிட்டீங்கன்னா, அவரு செத்துட்டாருன்னு அர்த்தமா சார்?" என்று கேட்டாள். "இல்லம்மா, கேஸ்தான் முடிஞ்சுது" என்றார்கள்.

அப்புறம் அத்தை மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. நீங்கள் இருவரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்தில் ஓடியது நினைவிருக்கும். பத்திரிகை அடிக்கத் தாம்பரத்தில் ஒரு அச்சகத்துக்குப் போனோம். கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "பொண்ணோட அப்பா பேருக்கு முன்னாடி லேட் போடணுமா சார்?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

கல்யாண விஷயம் என்பதால் மாமாவின் அண்ணனும் கூட வந்திருந்தார். "போட்டுடுப்பா. எத்தினி வருஷமாச்சு. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கேட்டா இன்னா சொல்றது?"

அத்தை சொன்னாள்: "எப்படிச் செத்தாருன்னும் சேர்த்துப் போடுவீங்கன்னா லேட் போடுங்க. யாரு பண்ணாங்கன்னும் போடுங்க. அது தெரியலன்னா திரு போடுங்க."

அச்சகத்துக்காரர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'திரு' என்று அடித்தார்.

பத்திரிகையோடு அத்தையே நேரில் போனாள். கூட நான். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ். போன இடமெல்லாம் ஒரே மாதிரி நடந்தது. பத்திரிகையைப் பிரிப்பார்கள், படிப்பார்கள், பெண்ணின் அப்பா பெயர் வந்ததும் முகம் மாறும். "அடியே, வந்துட்டாரா?" என்று ஒருத்தி அத்தையைக் கட்டிக்கொண்டாள். கம்பெனியில் கூட வேலை செய்த பெண், "எப்பக்கா வந்தாரு? சொல்லவே இல்ல!" என்று கோபித்துக்கொண்டாள். வாத்தியார், மனையும் போய்க் கோர்ட்டுக்கும் அலைந்து கண் மங்கிப்போனவர், தடவித் தடவிப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "வந்துட்டாராம்மா? நல்லா இருக்காரா?" எல்லாரிடமும் அத்தை, "இன்னும் வரலை" என்று ஒரே பதில்தான் சொன்னாள்.

கடைசி நாள், "ராஜகீழ்ப்பாக்கத்துல ஒண்ணு பாக்கிண்ணா" என்றாள். எனக்குப் புரிந்தது. வேண்டாம்மா என்றேன். "நீ வரலன்னா நான் தனியாப் போறேன்" என்றாள்.

ஆபீசுக்கு இப்போது கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். முதலாளி நரைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாம்மா, உக்காரு" என்றார். அத்தை நின்றபடியே தட்டை நீட்டினாள். "பொண்ணுக்குக் கல்யாணம். அவசியம் வரணும்."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். முகூர்த்தம், மண்டபம், மாப்பிள்ளை வீட்டார். பிறகு மாமாவின் பெயர். அந்த இடத்தில் அவர் கண் நின்றதை நான் பார்த்தேன்.

"மாப்பிள்ளை எங்க வேலை செய்யறாரு?" என்றார்.

அத்தை சொன்னாள்.

"நல்லது. நல்லா இருக்கட்டும்" என்று மேஜை இழுப்பறையைத் திறந்து பத்திரிகையை உள்ளே வைத்தார்.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தோம். நல்ல வெயில். அத்தை தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"எல்லாரும் வந்துட்டாரான்னு கேட்டாங்கல்லண்ணா?"

"ஆமாம்மா."

"இவரு கேக்கல."

சங்கடப்பட்டுக்கொண்டு கேட்காமல் விட்டிருக்கலாம் என்று சொன்னேன். பிள்ளைகளே, உங்களுக்கும் அதைச் சொல்லவேண்டியது என் கடமை. இது எந்தக் கோர்ட்டிலும் நிற்கிற சாட்சி இல்லை. "இருக்கலாம்" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். பிணவறை வாசலில் அழாதவள், சாவு வீட்டில் அழுகிற மாதிரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டாப்பில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கூடையை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு? யாருனா தவறிப்பூட்டாங்களா?"

அத்தை சொன்னாள்.

"ஆமாக்கா. எங்க வூட்டுக்காரரு."

பூக்கார அம்மாள் அவள் நெற்றிப் பொட்டையும் தலையிலிருந்த பூவையும் குங்குமத் தட்டையும் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள்.