பெயர் இல்லாமல் திரும்பிய முகங்கள்

என் கடைக்கு ஒரு முகத்துக்காக இரண்டு முறை ஆட்கள் வருவார்கள். முதல் முறை அந்த முகத்துக்குச் சொந்தக்காரரே வருவார், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க. இரண்டாம் முறை அவர் வீட்டு ஆட்கள் வருவார்கள், கருமாதிக்கு அதே படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கிப் போக. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பலருக்கு, அதுவும் வயதானவர்களுக்கு, தனியாக நின்று எடுத்த படம் அந்த ஒன்றுதான். அதனால் எடுத்த படம் எதையும் நான் அழித்ததில்லை. தோட்டம், டிவிஷன், வரிசை வீடுகளான லயத்து இலக்கம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு, கடையில் இருந்த ஒரே கணினியில் வைத்திருந்தேன். வேறு எங்கும் பிரதி கிடையாது.

இத்தனைக்கும் நான் பயந்தவள். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் எப்படிப் பயப்படாமல் இருந்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

கணினியில் இருந்தது விண்டோஸ். எனக்குப் பெட்டியை விற்றவர் போட்டுக்கொடுத்த திருட்டுப் பிரதி. இது பதிவு செய்யப்படாதது என்று திரையின் மூலையில் வெளிறிய எழுத்தில் ஒரு வரி எந்நேரமும் நிற்கும். படம் எடுக்க வருகிற யார் கண்ணிலும் அது படாது. என் கண்ணில் மட்டும் பட்டுக்கொண்டே இருக்கும். கொழும்பிலிருந்து யாரோ ஜீப்பில் வந்து இறங்கி என் பெயரை விசாரிப்பதாக நினைத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை விட்டுவிடுவேன். போன வருஷம், இந்தப் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தம் வராது என்ற அறிவிப்பும் சேர்ந்துகொண்டது. ஒரு திங்கட்கிழமை காலை கணினி திறக்கவே இல்லை. கறுப்புத் திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

மறுநாள் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற அண்ணன் ஒருவர் வந்தார். அவர் மனைவி இறந்து நாலு நாள். அடையாள அட்டை மரணப் பதிவுக்குப் போய்விட்டது. கல்யாணப் படம் முன்பு லயத்தில் தீப்பிடித்தபோதே போனது.

"பதினாறுக்குப் படம் வேணும் தங்கச்சி. உங்ககிட்டதான் எடுத்தா. சிரிக்காதீங்கன்னு நீங்க சொல்லச் சொல்லச் சிரிச்சாளாம்."

"இருக்குண்ணே. பத்திரமா இருக்கு" என்றேன்.

பெட்டியை உரச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ஹட்டனில் கணினி பழுது பார்க்கிற தம்பி திறந்து பார்த்துவிட்டு, படங்கள் இருக்கிற வட்டு நன்றாகத்தான் இருக்கிறது, விண்டோஸ்தான் செத்துவிட்டது என்றார். இரண்டு வழி சொன்னார். புது விண்டோஸ் வேண்டுமென்றால் அதற்கு இந்தப் பெட்டி தாங்காது, வேறு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் லினக்ஸ். அது இலவசம். ஒரு முதலாளிக்குச் சொந்தமானது இல்லை, யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஒரு முதலாளி இல்லாத சாமான் கெட்டுப்போனால் யாரிடம் போய்க் கேட்பது?

"இப்ப இருக்கிறது கெட்டா மட்டும் யார்கிட்ட கேப்பீங்க அக்கா? இது களவு சாமான்" என்று சிரித்தார் அவர்.

பெட்டியை இரண்டு நாள் விட்டுப் போகச் சொன்னார். மனம் வரவில்லை. அத்தனை முகங்களையும் முன்பின் தெரியாத ஒரு மேசைக்கடியில் வைத்துவிட்டு எப்படி வீட்டுக்குப் போவது? அவர் அலுத்துக்கொண்டு ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். அதைக் குத்தினால் லினக்ஸ் அதிலிருந்தே திறக்கும்; சும்மா பார்க்க மட்டும் ஒரு வழி இருக்கும்; அதில் போய்ப் படங்களை வேறொரு வட்டில் எடுத்து வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள், மிச்சத்தை நான் சொல்கிறேன் என்றார். இரண்டு தடவை சொன்னார்.

கடைக்கு வந்து குத்தினேன். முதல் திரையில் மொழிகளின் பட்டியல். அதில் தமிழும் இருந்தது, நம் எழுத்திலேயே. அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோய் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். படம் எடுப்பதோடு ஊராருக்குப் படிவமும் நிரப்பிப் பிழைக்கிறவளுக்குத் தெரியும்: தமிழில் எழுதிக்கொடுத்த தாள் அரசாங்கக் கந்தோருக்குக் கந்தோர் திரும்பி வரும், வாசிக்க ஆள் இல்லை, அடுத்த கிழமை வாருங்கள் என்று. காரியம் ஒழுங்காக நடக்க வேண்டுமானால் தமிழில் கேட்கக்கூடாது என்பது எனக்குள் ஊறிப்போயிருந்தது. இங்கிலீஷை அமத்தினேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும்? அடுத்த திரையில் எனக்குத் தெரிந்த சொல் 'இன்ஸ்டால்' ஒன்றுதான். அதை அமத்தினேன். வட்டு முழுவதையும் அழித்துவிட்டுப் போடவா என்று அது கேட்டிருக்கிறது. உறுதிதானா என்று மறுபடியும் கேட்டிருக்கிறது. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கங்காணி நீட்டுகிற தாளில் வாசிக்காமல் கையெழுத்து வைத்த காலம் போல, இரண்டுக்கும் சரி என்றேன்.

புதுத் திரை அழகாக இருந்தது. மூலையில் அந்த வரி இல்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. தேநீர்கூட ஊற்றிக்கொண்டேன். பிறகு படங்களைத் தேடினேன். ஒன்றும் இல்லை.

போனில் தம்பி சத்தம் போடவில்லை. "கை வைக்காதீங்க அக்கா, ஆஃப் பண்ணிட்டுக் கொண்டு வாங்க" என்றார். இந்த முறை பெட்டியை அவரிடமே விட்டு வந்தேன். அடுத்த நாலு நாளும் கடைத்தெருவில் எதிரே வருகிறவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உயிரோடு இருப்பவர்களை மறுபடியும் நாற்காலியில் உட்கார வைத்து எடுத்துவிடலாம். மற்றவர்கள்? கடையில் துணித் திரைக்கு முன்னால் கிடந்த வெறும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

தம்பி இன்னொரு இலவச மென்பொருளைப் போட்டு, அழிந்த வட்டைத் தோண்டி முகங்களை எடுத்துக்கொடுத்தார். பெயர்கள் வரவில்லை. பெயர் ஓரிடத்திலும் படம் வேறோரிடத்திலும் இருக்குமாம். பெயர்கள் இருந்த இடத்தில் லினக்ஸ் உட்கார்ந்துவிட்டதாம். ஆயிரக்கணக்கான முகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சிலது முழுசு. சிலது பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

அண்ணனிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் திரையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "தேடிருவோம். அவளத் தேடி எடுக்கிறது எனக்குப் புதுசா? எந்த மலையில நின்னாலும் சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிருவேன்" என்றார்.

வேலை முடிந்து இரண்டு பின்னேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்த முகம் வரும்போதெல்லாம் பெயரைச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். சில பெயர்களுக்குப் பின்னால் "இல்ல இப்ப" என்று மட்டும் சேர்த்தார். இரண்டாம் நாள் அவர் கை என் கையைத் தட்டியது. நெற்றி, கண்கள், பாதி மூக்கு. அதற்குக் கீழே சாம்பல்.

தம்பியிடம் கேட்டேன். இப்போது இருக்கிற கருவிகளில் வாயையும் கன்னத்தையும் தானாக நிரப்பிவிடலாம், அசலைப் போலவே வரும் என்றார். அதை அண்ணனிடம் சொன்னேன்.

"யாரோட வாய் அது?"

"யாரோடதும் இல்லண்ணே. கம்ப்யூட்டரே செய்யும்."

"அவ வாய்க்குப் பயந்து இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவன் நான். யாரோடதும் இல்லாத வாயை வச்சுக்கிட்டு என்ன பண்ண? இருக்கிறதப் போடுங்க."

போட்டுக்கொடுத்தேன்.

லினக்ஸை நான் மாற்றவில்லை. தமிழுக்கு மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். பழையது என்னிடம் எதையும் கேட்டதில்லை, மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இது கேட்டது. இரண்டு தடவை கேட்டது. அதனால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரையில் எந்தப் பெட்டி வந்து கேட்டாலும் இப்போது ஒவ்வொரு சொல்லாக வாசிக்கிறேன். கடையில் காத்திருப்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கிறது.

கருமாதிக்குப் போயிருந்தேன். போகாமல் இருந்தால் அது இன்னும் தப்பு. லயத்து அறையான காம்பராவுக்குள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். வந்தவர்கள் ஏறிட்டுப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். இலையில் போட்ட சோற்றை நான் பிசைந்துகொண்டே இருந்ததைக் கண்டு அண்ணன் வந்து குனிந்தார்.

"சாப்பிடுங்க தங்கச்சி. அவ என்னையத்தான் பாக்குறா. உங்கள இல்ல."

என்னைத் தேற்றத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்தப் படத்தில் அவர் மனைவி பார்த்துக்கொண்டிருந்தது கமெராவை. அன்று கமெராவுக்குப் பின்னால் நின்று, சிரிக்காதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.