லாரிக் காற்றும் ஒரு செம்புத் தீர்த்தமும்

இன்று தீர்த்தமலையிலிருந்து, மலையேற முடியாத மாமியாருக்காக ஒரு செம்பு நிறையத் தீர்த்தம் எடுத்து வந்தேன்.

வீட்டுக்காரர் வாங்கியிருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளியது. வளைவுகளில் வழுக்கியது. என் மடியெல்லாம் ஈரம்.

"ஸ்போர்ட்ஸ் காருன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்.

வழியில் நிறுத்திக் காட்டியபோது, அரூர் பஞ்சர் கடைக்காரர் டயரைத் தட்டிப் பார்த்தார். "எவ்வளவு காத்து அடிச்சீங்க?"

"நம்ம தக்காளி லாரிக்கு அடிக்கிற அளவுதான்."

"இதுல அக்கா மட்டுந்தானுங்களே வர்றாங்க. தக்காளி எங்கீங்க?"

பாதிக்கு மேல் காற்றை இறக்கிவிட்டார். அப்புறம் பாலக்கோடு வரை ஒரு சொட்டும் சிந்தவில்லை.

ஆனால் வீடு வந்தது அரைச் செம்புதான். மாமியார் கேட்டால் மகனைக் காட்டிக் கொடுப்பதா, ரோட்டின் மேல் பழி போடுவதா? தீர்த்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்லவும் மனம் வரவில்லை. நீங்களே சொல்லுங்கள்.