ஆச்சு

இது நடந்தது. பதில் எந்த மொழியில் வந்தது என்பதில் மட்டும், சில நாட்களில் என் நினைவை நானே நம்புவதில்லை.

திருப்பதிக்கு வெளியே ஓர் ஆய்வகம். பகல்தான், ஆனால் ஜன்னலில்லாத அறை, விளக்கையும் அணைத்திருந்தோம். ஓர் உலோகக் கலத்தில் உண்டாக்கும் பிளாஸ்மாவுக்குள் லேசரைப் பாய்ச்சி, எலக்ட்ரான்கள் சிதறடிக்கும் துளி வெளிச்சத்தை அளப்பது எங்கள் வேலை. வேறு வெளிச்சம் கூடாது. இரவல் லேசர் மாலையில் திரும்பிப் போகிறது. அதற்குள் அளவு கிடைக்காவிட்டால் சிரஞ்சீவியின் ஐந்து வருட ஆராய்ச்சி வீண்.

நான் கணினியில். சிரஞ்சீவி கலத்தின் அருகில். குணா கறுப்புத் திரைக்குப் பின்னால், கலத்துக்கு மின்சாரம் தேக்கும் கெப்பாசிட்டர்களிடம். கலத்தைத் தொடுமுன் அவற்றின் மின்சாரத்தை எர்த் கம்பியால் இறக்க வேண்டும். தொடுகிறவன், ஆச்சா என்பதைத் தெலுங்கில் "அயிந்தா?" என்று கேட்பான். இறக்கி முடித்ததும் குணா "அயிந்தி" என்பான். அதன் பிறகே கை.

2:11. பிளாஸ்மா இல்லாமல், வெறும் கலத்தில் லேசரை விட்டோம். மானிட்டரில் கோடு தட்டையாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு சிறு மேடு.

2:13. மேடு உயர்ந்தது. காலிக் கலத்துக்குள் ஏதோ நின்றது.

"தூசு, பவ்யா. கண்ணாடியத் தொடச்சிட்றேன்."

லேசரை அணைத்தான். லேசரின் டிக்... டிக்... நின்றது.

மேடு இறங்கவில்லை.

"சிரஞ்சீவி, இரு..."

"டைம் இல்ல. குணா, அயிந்தா?"

திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"ஆச்சு நைனா."

தமிழன் என்று குணாவைச் சீண்டிச் சிரித்தான் சிரஞ்சீவி. "ஏம்ரா அரவோடா, இன்னிக்கி தமிழா?"

கை வைத்தான்.

2:17.

படார்! நீல வெளிச்சம். சுவரில் போய் மோதினான். வலது கை தோள்வரை கருகியிருந்தது. வாயிலிருந்து புகை.

இரண்டு விரல்கள் கலத்திலேயே ஒட்டியிருந்தன.

திரையை இழுத்தேன்.

யாருமில்லை.

கொக்கியில் எர்த் கம்பி... ஆடிக்கொண்டிருந்தது.

குணா 2:09க்கே போன் வந்து வெளியே போயிருந்தான். வராந்தா கேமராவில் இருக்கிறது. அதற்கு எட்டு வருடம் முன்பு அதே இடத்தில் ரமணா என்ற டெக்னீஷியன் செத்திருக்கிறார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நாகலாபுரத்துக்காரர். தெலுங்கில் சொல்லச் சொல்லி எத்தனை திட்டினாலும் "ஆச்சு நைனா" என்றுதான் பதில் சொல்வாராம்.

சிரஞ்சீவி ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்தான். குணா ஸ்ரீசிட்டியில் வேலை செய்கிறான். "நா சொல்லலன்னு நீயாவது நம்புறியா?" என்று இன்னும் கேட்கிறான். நான் பலமனேரில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன்.

அந்த அறையில் இப்போது ஆராய்ச்சி செய்பவள் யமுனா. தனியாக இருந்தபோது, பழக்கத்தில் "அயிந்தா?" என்று கேட்டுவிட்டாளாம். பதில் வந்திருக்கிறது. கலத்தைத் தொடாமல் ஓடிவந்துவிட்டாள்.

பதில் தெலுங்கில். சிரித்துக்கொண்டே.