தம்பிக்கு வாங்கிய மதர்போர்டு

தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன என்று டாக்டர் சொன்னபோது அவன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். கால் வீங்குகிறது, செருப்பு நுழையவில்லை என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் என்றாகிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததால் அவளிடமிருந்து சிறுநீரகம் எடுக்க முடியாது என்றார்கள். என் ரத்த வகை சேரவில்லை. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். கேட்டுப் பார்த்த சொந்தக்காரர்கள் மெல்ல மெல்ல எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

அப்போது நாங்கள் ஒத்தக்கடையில், புதிது புதிதாக வீடு எழும்பிக்கொண்டிருந்த ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். நான் கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் பில் போடும் வேலை பார்த்தேன். காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவேன். பகல் முழுக்க தம்பி வீட்டில்தான் கிடந்தான். நன்றாக இருந்த காலத்தில் பிரவுசிங் சென்டரில் போய்க் கார் ரேஸ் விளையாடுவான். டயாலிசிஸுக்காக இடது கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்த பிறகு அந்த இடம் கயிறு மாதிரி புடைத்துக்கொண்டது. சென்டரில் ஒரு பையன், “என்னடா இது, பாம்பு மாதிரி நெளியுது?” என்று தொட்டுப் பார்க்க வந்திருக்கிறான். அன்றோடு தம்பி அங்கே போவதை நிறுத்திவிட்டான்.

சில வாரம் கழித்து என்னிடம் கேட்டான்.

“க்கா, வீட்டுலயே ஒரு கம்ப்யூட்டர் போடலாமா?”

நான் வாய் திறப்பதற்குள் அம்மா, “மருந்து வாங்கவே முழி பிதுங்குது. வெளாட்டுச் சாமான் ஒண்ணுதான் கொறச்சலா?” என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. தம்பி அதற்குமேல் கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. நான் போட்டிருந்த சீட்டை எடுத்துவிட்டு, என்னென்ன வேண்டும் சொல் என்றேன்.

அதன்பிறகு பல நாட்கள் வீட்டில் அதே பேச்சுத்தான். கூடப் படித்த பையன் ஒருவன் கொண்டுவந்து போட்ட பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளைத் தலையணை ஓரமாக அடுக்கி வைத்திருந்தான். கம்பெனி செட் வாங்கினால் கேம் ஓடாது, தனியாக கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும், அதனால் சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நாமே மாட்டிக்கொள்வதுதான் சரி என்றான். எதில் சிக்கனம் பார்க்கலாம், எதில் பார்க்கக் கூடாது என்பதில் அவனுக்குத் தீர்மானமான கருத்து இருந்தது. மானிட்டர் பழசாக இருக்கலாம். கேபினட் எந்தத் தகரமாகவும் இருக்கலாம். ஆனால் ஹார்டு டிஸ்க்கும், உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் புதுசாக, நல்லதாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கி டியூப்லைட் எரியாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

“கரண்ட் குடுக்குறது மட்டமா இருந்துச்சுன்னா மத்தது எம்புட்டு நல்லதா இருந்தும் பிரயோசனம் இல்லக்கா. அது போறப்ப எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுப் போயிரும். கையில தூக்கிப் பாரு. கனமா இருந்தாத்தான் வாங்கணும்.”

மதர்போர்டு விஷயத்தில்தான் எனக்குப் புரியவில்லை. இரண்டு பார்த்து வைத்திருந்தான். ஒன்றுக்கு மூன்று வருஷ வாரண்டி, இன்னொன்றுக்கு ஒரு வருஷம். இவன் ஒரு வருஷத்தை வாங்கச் சொன்னான்.

“தரம் தரம்னு நீதானடா சொன்ன? இதுல மட்டும் ஏன்?”

“மூணு வருஷ வாரண்டிய வச்சு நான் என்னக்கா பண்ணப் போறேன்?”

கோபமோ அழுகையோ இல்லாமல், மானிட்டர் பழசு போதும் என்று சொன்ன அதே குரலில் சொன்னான். அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றது. “வாய மூடுடா” என்று நான் கத்தினேன். அவன் பத்திரிகையைப் புரட்டினான்.

ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அவன் சொன்ன மாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நடுத்தர வயது பாய். நான் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகக் கேட்டதும் சிரித்தார்.

“அது கேபினட்டோடயே வருது தங்கச்சி. எதுக்குத் தெண்டமாத் தனியா வாங்குறீங்க?”

கேபினட்டில் இருந்ததைக் கழற்றித் தரச் சொல்லிக் கையில் வாங்கினேன். காலி டப்பா மாதிரி இருந்தது. “இது வேணாம் பாய், கனமானது குடுங்க” என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்து வந்தார். மதர்போர்டு, மூன்று வருஷ வாரண்டி உள்ளதைத்தான் வாங்கினேன். யாருக்கு என்று கேட்டார். “தம்பி காலேஜ் படிக்கிறான்” என்றேன்.

பெட்டிகளைப் பிரித்தபோது தம்பி மதர்போர்டு அட்டைப்பெட்டியில் மூன்று வருஷம் என்று போட்டிருந்ததைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அடுத்த பெட்டியை எடுத்தான்.

மறுநாள் மாட்ட உட்கார்ந்தோம். இடது கையில் அவன் கனம் தாங்கக் கூடாது. பாயில் கட்டில் காலோடு சாய்ந்து உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்ல நான் ஸ்குரூ முடுக்கினேன். பிராசசரை மட்டும் அவனே வைத்தான். மூன்று தடவை கையை எடுத்து எடுத்து வைத்தான். எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து நீளமாக ஒரு பீப் சத்தம் விட்டு விட்டு வந்தது.

“ராம் சரியில்ல” என்றான். அந்த மெமரிப் பட்டையைக் கழற்றி ரப்பரால் துடைத்து மாட்டினோம். அதே சத்தம். அவன் அப்படியே பாயில் படுத்துக்கொண்டான். மூச்சு வாங்கியது.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் ராமை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

“கடையிலேருந்து போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. மாட்டத் தெரியாம மாட்டிருப்பீங்க தங்கச்சி” என்றார் பாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. “மாட்டுனது ரெண்டு கிட்னியும் போன பையன் பாய். மூச்சு வாங்க வாங்க மாட்டுனான். அவன் தப்பா மாட்டல” என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய் ராமை வாங்கித் தன் மெஷினில் போட்டுப் பார்த்தார். அங்கேயும் அதே பீப். வேறொன்றை எடுத்துப் போட்டு, திரை வருகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். “தம்பிக்காகத் துவா செய்றேன்மா” என்று மட்டும் சொன்னார்.

அதைப் போட்டதும் கம்ப்யூட்டர் ஓடியது. தம்பி திரையில் மலைப்பாதையில் சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு போவான். டயாலிசிஸ் முடிந்து வந்த நாட்களில் உட்கார முடியாது. மற்ற நாட்களில், நான் வேலைக்குப் போகும்போது ஒரு ஆட்டத்தில் இருப்பான், வரும்போதும் அதே நாற்காலியில் இருப்பான். அம்மா பின்னால் வந்து நின்று, “மெதுவாப் போய்யா” என்பாள். அந்தச் சில மாதங்களில் எங்கள் வீட்டில் ஏதோ சத்தம் இருந்தது.

பிறகு அவனுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. ரத்த அழுத்தம் ஏறி ஏறிக் கண்ணுக்குள் பாதித்துவிட்டது என்றார்கள். முதலில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். அப்புறம் மானிட்டர் வெளிச்சத்தைக் கூட்டினான். ஒருநாள் நான் வந்தபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அவன் கட்டிலில் படுத்திருந்தான்.

“ரோடே தெரியலக்கா. நீ ஓட்டு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

எனக்கு ஓட்டத் தெரியாது. போன வேகத்தில் கார் பாறையில் மோதியது.

“திருப்பத்துல பிரேக்கு புடிக்கணும்க்கா.”

“திருப்பம் வர்றது எனக்கே இப்பத்தான்டா தெரியுது.”

“சத்தத்தக் கேளு. எஞ்சின் சத்தம் மாறும்ல, அதுக்கு முன்னாடியே புடி.”

அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் ஓட்டினேன். ஒரு சுற்றைக்கூட முடிக்கவில்லை. “பரவால்ல, விடு” என்றான். அடுத்த நாளும் ஓட்டச் சொன்னான். அதற்கடுத்த நாள் கேட்கவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவனுக்கு மூச்சுத் திணறியது. ஆட்டோவில் போட்டுக் கிளம்பினோம். மாட்டுத்தாவணி தாண்டும்போது அம்மா மடியில் தலை வைத்திருந்தவன் ஏதோ சொல்ல வந்தான். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. குனிந்து கேட்டபோது அவன் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இறக்கியதும் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்றார்கள். அவனுக்கு அப்போது இருபது வயது.

காரியம் முடிந்து நான் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். ஒருநாள் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் இருந்த மேஜை காலியாக இருந்தது. சித்தப்பா வந்திருந்தார் என்றும், அவர் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன் என்றும் அம்மா சொன்னாள். கிட்னி கேட்டபோது வராதவர் அவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவை என்னவெல்லாமோ பேசினேன். “அவன் கையால மாட்டுனதும்மா அது, யாரக் கேட்டுக் குடுத்த?” என்று கத்தினேன்.

அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. “நீ வேலைக்குப் போயிருவ. பகலெல்லாம் அதப் பாத்துக்கிட்டு நான்தான இருக்கணும்?” என்றாள்.

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. தை பிறந்ததும் ஒத்தக்கடை வீட்டைக் காலி செய்துவிட்டு, என் வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று திருமங்கலத்துக்குக் குடிபோனோம்.