பங்கருக்குக் கீழே தண்ணீர்

அப்போது நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கம்பசில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். பாதி நாட்கள் வகுப்பே நடக்காது. நடந்த ஒரு நாளில் விரிவுரையாளர் புவித்தகடுகளைப் பற்றிச் சொன்னார். நாங்கள் நிற்கிற நிலம் நகம் வளருகிற வேகத்தில் வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறதாம். எங்கள் ஊர்ச் சுண்ணக்கல் ஒருகாலத்தில் ஆழமில்லாத கடலின் அடியாம். மெல்ல மெல்ல மேலே எழும்பியதாம். அதன்பின் மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளுக்குள் குகைகள் செய்து வைத்திருக்கிறதாம். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் காலடித் தரையைப் பார்த்தேன். குண்டு போடுகிற பொம்மர் விமானங்கள் சுற்றுகிற அந்தக் காலத்தில் நம்புவதற்கு எங்களுக்கு மிஞ்சியிருந்தது நிலம்தான்.

அந்தக் கிழமை முழுக்க அண்ணை வீட்டு வளவுக்குள், குண்டு விழும்போது ஒளிய, பங்கர் வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பெற்ற ஐயா செத்தபிறகு வீட்டில் அம்மா, அண்ணை, நான் மட்டும்தான். இடுப்பளவு செம்மண், அதற்குக் கீழே கல். அண்ணை இரும்பு அலவாங்கால் இடித்து இடித்து இறங்கினார். ஒரு காலை, ஓங்கிக் குத்திய அலவாங்கு அவர் கையை விட்டு நழுவிக் கல்லுக்குள்ளேயே போய்விட்டது. ஒரு மூச்சு விடுகிற நேரம் சத்தமில்லை. பிறகு எங்கோ ஆழத்தில் தண்ணீரில் விழுந்தது கேட்டது.

"அண்ணை, வெளியிலை வாங்கோ. உது குகை. மேற்கல் மெல்லிசாய்த்தான் இருக்கும்."

"மேலை குண்டு, கீழை குகை எண்டால் நாங்கள் எங்கை போறது? பேசாமல் இரு. யானை நிண்டாலும் உந்தக் கல் உடையாது."

அவர் வாய் மூடவில்லை, பொம்மர் இரையத் தொடங்கியது. அம்மா குசினி அடுப்படியிலிருந்து ஓடிவந்தா.

"இறங்கு பிள்ளை, இறங்கு!"

நான் பக்கத்துத் தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "மாட்டன். நீங்களும் இறங்காதேங்கோ!"

அம்மா என் கன்னத்தில் அறைந்தா. அதுவரை அவ என்னை அடித்ததேயில்லை. அந்த நேரம்தான் பின்வளவுத் தோட்டங்களுக்கு அப்பால் குண்டு விழுந்தது. தென்னை என் நெஞ்சோடு சேர்ந்து ஆடியது. இருவரும் குப்புற விழுந்தோம்.

நிமிர்ந்தபோது பங்கரின் ஒரு பாதியில் அடி இல்லை. கறுப்பாக வாய் திறந்திருந்தது. அண்ணை கல் விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றித் தொங்கிக்கொண்டிருந்தார். கால்களுக்குக் கீழே ஒன்றுமில்லை. என்னை மட்டும் பார்த்தார்.

கிணற்றடிக்கு ஓடினேன். பொம்மர் திரும்பி வந்துகொண்டிருந்தது. வாளிக் கயிற்றின் முடிச்சு அவிழவில்லை. வாளியோடே இழுத்துக்கொண்டு வந்து, ஒரு முனையைத் தென்னையில் கட்டி மற்றதை எறிந்தேன். அண்ணை முதலில் ஒரு கையால் பிடித்தார். மற்றக் கையை எடுத்தபோது விளிம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. அம்மாவும் நானும் இழுத்தோம். இரண்டாவது குண்டு எங்கே விழுந்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மேலே வந்தவரின் முதுகு உரிந்து இரத்தமாய் இருந்தது.

"காலுக்குக் கீழை இருந்து காத்து வந்தது," என்றார் பிறகு. "குளிர் காத்து. ஆரோ மூச்சு விடுற மாதிரி."

பனங்குற்றிகளையும் கல்லையும் போட்டு அதை மூடினோம். போடப் போட, வெகுநேரம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீர் பல நாட்கள் கலங்கிக் கிடந்தது. அதன்பின் அண்ணை வேறு பங்கர் வெட்டவில்லை. இரைச்சல் கேட்டால் மூவரும் வெங்காயத் தோட்டத்து வாய்க்காலுக்குள் குப்புறப் படுப்போம். அம்மா என்மேல் கவிழ்ந்து படுப்பா. அவவின் நெஞ்சு அடிக்கிற அடி என் முதுகில் கேட்கும்.